மூன்றாவது கல்

1999ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தமிழ்த் தினசரியின் ஆசிரிய பீடத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, வன்னிக்குப் பயணமாகவிருந்த ஒரு பாதிரியாரின் கையில் இரண்டு போத்தல் கல்சியம் வில்லைகளைக் கொடுத்தனுப்பினேன். மல்லாவியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த என் பெரியம்மாவின் மகளுக்காக. அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார் என்றும், உடம்பெல்லாம் நோகின்றது என்று இரவில் அழுகின்றார் என்றும் கடிதம் வந்திருந்தது. எலும்புக்குக் கல்சியம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். மருந்துத் தட்டுப்பாடு பற்றி வாரத்துக்கு ஒரு செய்தியாவது எழுதிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு போத்தல் மருந்தைத் தடை தாண்டி அனுப்பிவிட்டேன் என்பதில் ஒரு சிறு பெருமையும் இருந்தது.

அக்காவின் இரத்தத்தில் கல்சியம் ஏற்கனவே அளவுக்கு மிஞ்சி ஓடிக்கொண்டிருந்தது என்பது நான்கு ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அவருடைய எலும்புகள் கல்சியம் கிடைக்காமல் மெலியவில்லை. இருந்த கல்சியத்தைப் பறிகொடுத்து மெலிந்துகொண்டிருந்தன. நான் அனுப்பிய வில்லைகளை அவர் ஒருநாளும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்.

இந்த நோய்க்குப் பெயர் உண்டு. பரா தைரொயிட் சுரப்பியின் மிகை இயக்கம். பெயரைக் கேட்டதும் தைரொயிட் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். தைரொயிட்டின் பின்புறத்தில், அதனோடு ஒட்டிக்கொண்டு, அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. அண்டைவீட்டுக்காரர் என்பதைத் தவிர தைரொயிட்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் தொடர்பில்லை. இரத்தத்தில் கல்சியம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வதே இவற்றின் பணி.

வன்னி வாசகருக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். எலும்பு குளம். இரத்தம் வயல். துருசைத் திறந்து மூடும் ஆள்தான் இந்தச் சுரப்பி. வயலில் ஈரம் குறைந்தால் துருசைத் திறப்பார், போதுமானதும் மூடுவார். அந்த ஆளுக்குப் புத்தி பேதலித்து, வயல் நிரம்பி வரம்பு உடைந்த பின்னரும் துருசைத் திறந்தபடியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வயல் அழுகும், குளம் வற்றும். எலும்பு மெலிகின்ற அதே வேளையில் இரத்தத்தில் கல்சியம் பெருகுவதும், பெருகியது சிறுநீர் வழியே வடிந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிவதும் இப்படித்தான்.

அக்கா வலிகாமத்தில் பிறந்து வளர்ந்தவர். முதலாவது கல் 1993இல், யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே வந்துவிட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்தார். 1996இல் கிளாலிக் கடல் தாண்டிக் கிளிநொச்சி. அந்த ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சி படையினர் வசமானபோது அக்கராயன். அங்கிருந்து மல்லாவி. இரண்டாவது கல் மல்லாவியில், 1997இல். முதுகைப் பிடித்துக்கொண்டு மண் தரையில் உருண்டாராம். கல் தானாகவே வெளியேறியது.

கல்லுக்கு எல்லோரும் சொன்ன காரணம் தண்ணீர். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பது. கேத்தலில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல் வருவதற்குத் தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதும் வெயிலில் வேர்ப்பதும் நிச்சயமான காரணங்கள். தண்ணீரின் உப்புத்தன்மை எவ்வளவு தூரம் காரணம் என்பதில் ஆய்வாளர்கள் இன்னமும் ஒருமுகப்படவில்லை. அது எப்படியிருந்தாலும், தெருவுக்குத் தெரு ஒருவருக்குக் கல் இருக்கும் ஊரில் ஒருவருக்கு இரண்டாவது முறையும் கல் வந்தால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. காரணம் கைவசம் இருக்கும்போது வேறு காரணத்தை எவர் தேடுவார்?

மற்ற முறைப்பாடுகளுக்கும் ஒவ்வொரு காரணம் தயாராக இருந்தது. ஓயாத களைப்பு மலேரியாவால் என்றார்கள். அந்த ஆண்டுகளில் வன்னியில் மலேரியா கண்டிராத குடும்பம் அபூர்வம். எலும்பு நோவு வாதம் என்று நாட்டு வைத்தியர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். மலச்சிக்கலும் வயிற்று எரிவும் நிவாரண மாவைத் தின்றதால் வந்தவை. அடிக்கடி தாகம், இரவில் நான்கைந்து தரம் எழும்பிச் சிறுநீர் கழிப்பது: சீனி வருத்தமோ என்று பார்த்தார்கள், இல்லை. மறதியும் காரணமில்லாத அழுகையும் இடம்பெயர்ந்த கவலை. இந்தக் கடைசிக் காரணத்தை ஒரு வைத்தியர் சொல்ல, குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொண்டது. நானும் ஏற்றுக்கொண்டேன். கவலைப்படாமல் இருந்தால்தான் அதிசயம் என்ற நிலையில் இருந்த மக்களிடையே அழுகின்ற ஒரு பெண்ணின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்?

பின்னர் புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான், கல், எலும்பு, வயிறு, மனம் என்ற இந்த நான்கையும் சேர்த்து ஒரு வாய்பாடாகவே ஆங்கில மருத்துவ மாணவர்கள் மனனம் செய்கிறார்கள் என்று அறிந்தேன். அக்காவிடம் நான்கும் இருந்தன. நான்கையும் நான்கு பேர் தனித்தனியே பார்த்தார்கள்.

இந்தச் சுரப்பியின் வரலாறே இப்படித்தான். கண்ணெதிரே இருந்தும் பார்க்கப்படாமல், பார்க்கப்பட்டும் நம்பப்படாமல் கழிந்த வரலாறு. இதை முதலில் கண்டது மனிதனில் அல்ல, இந்தியாவிலிருந்து லண்டன் மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு காண்டாமிருகத்தில். அது 1849இல் இறந்தபோது உடற்கூற்று அறிஞர் றிச்சர்ட் ஓவென் அதை அறுத்துப் பார்த்தார். தைரொயிட்டோடு ஒட்டியபடி மஞ்சள் நிறத்தில் சிறியதொரு சுரப்பி இருப்பதைக் குறித்தும் வைத்தார். கட்டுரை அச்சானது 1862இல். காண்டாமிருகத்தின் கழுத்தைப் பற்றி எந்த வைத்தியர் படிப்பார்?

மனிதனில் கண்டவர் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈவார் சான்ட்ஸ்ட்றோம். மாணவராக இருந்தபோது 1877இல் ஒரு நாயில் கண்டார். பிறகு பூனையில், முயலில், மாட்டில், குதிரையில் தேடினார். ஐம்பது மனித உடல்களைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இருப்பதை உறுதிசெய்து 1880இல் வெளியிட்டார். பரா தைரொயிட் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். உள்ளூர்ச் சஞ்சிகையில் சுவீடிஷ் மொழியில் வந்த அந்தக் கட்டுரையை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1889இல், 37 வயதில், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மனித உடலில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய உறுப்பு இந்தச் சிறிய உறுப்பு என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இந்த இடத்தில் நம்மவர் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை மானிப்பாயில் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்று நூல் 1872இல் வெளிவந்தது. அதாவது சான்ட்ஸ்ட்றோமின் கட்டுரைக்கு எட்டு ஆண்டுகள் முன்னதாக. மானிப்பாயில் தமிழில் படித்த மாணவர்களுக்கு இந்தச் சுரப்பி தெரிந்திருக்க வழியில்லை. அப்போது லண்டன் மாணவர்களுக்கும் தெரியாது. அந்த ஒரு காலத்தில் நாங்கள் உலகத்தை விடப் பின்தங்கியிருக்கவில்லை என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.

சுரப்பி தெரிந்த பின்னரும் அதன் குற்றம் தெரிய நெடுங்காலம் சென்றது. ஜேர்மனியரான வொன் றெக்லிங்ஹவுசன் 1891இல், எலும்புகள் அரித்துக் குழிவிழுந்து வளையும் ஒரு நோயை விவரித்தார். ஆனால் கழுத்தைப் பற்றி எண்ணவில்லை. வியன்னாவில் யாக்கோப் ஏர்ட்ஹைம், எலும்பு நோயால் இறந்தவர்களின் உடலில் பரா தைரொயிட் வீங்கியிருப்பதைக் கண்டார். ஆனால் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பொருத்தினார். எலும்பு கெட்டதால் அதற்கு ஈடுகொடுக்கச் சுரப்பி பெருத்திருக்கிறது என்பது அவர் முடிவு. 1915இல் அதே நகரத்தைச் சேர்ந்த ஷ்லாகன்ஹௌஃபர், நான்கில் ஒன்று மட்டும் பெருத்திருந்தால் அதுவே குற்றவாளியாக இருக்கலாம், அதை வெட்டி எடுத்துப் பாருங்கள் என்றார். எவரும் எடுக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து எடுத்தவர் வியன்னாவின் ஃபீலிக்ஸ் மான்டல். நோயாளி அல்பேர்ட் யானே என்ற ட்றாம் வண்டித் தொழிலாளி. எலும்புகள் முறிந்து, நடக்க முடியாமல் கிடந்தார். ஏர்ட்ஹைமின் கருத்தை நம்பிய மான்டல் முதலில் செய்ததைக் கேளுங்கள்: சுரப்பி போதவில்லை என்று எண்ணி, விபத்தில் இறந்த ஒருவரின் பரா தைரொயிட்டை எடுத்து யானேயின் உடலில் ஒட்டினார்! பயன் இல்லை. பிறகு 1925 ஜூலையில் கழுத்தைத் திறந்து, பெருத்திருந்த சுரப்பியை அகற்றினார். யானே எழுந்து நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பி அவர் இறந்தது வேறு கதை. மான்டலும் யூதர் என்பதால் 1938இல் வியன்னாவை விட்டு ஜெருசலேம் போகவேண்டி வந்தது. போர் முடிந்தபின் திரும்பிவந்தார்.

இந்தப் பக்கத்தை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1925இல் மான்டல் செய்த தவறும் 1999இல் நான் செய்த தவறும் ஒன்றே. அவர் சுரப்பியைக் கூட்டினார், நான் கல்சியத்தைக் கூட்டினேன். அவருக்கு அன்று அறிவியல் துணையிருக்கவில்லை என்ற சமாதானமாவது உண்டு.

இன்னொருவர் அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்ள்ஸ் மார்ட்டெல். முதலாம் உலகப் போர் முடியும் காலத்தில் இருபது வயது கடந்த இளைஞர், 6 அடி 1 அங்குல உயரம். அடுத்த சில ஆண்டுகளில் முள்ளந்தண்டு நொறுங்கி 7 அங்குலம் குறைந்துபோனார். நோய் இன்னதென்று நியூயோர்க்கில் 1926இல் கண்டுகொண்டார்கள். அவ்வாண்டே பொஸ்ரனின் மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் கழுத்தை அறுத்துத் தேடினார்கள். கட்டி கிடைக்கவில்லை. மீண்டும் தேடினார்கள், மீண்டும் இல்லை. ஆறு சத்திரசிகிச்சைகள் வீணாயின. மார்ட்டெல் நூலகத்தில் உட்கார்ந்து உடற்கூற்றைத் தானே படித்து, கழுத்தில் இல்லையென்றால் நெஞ்சறைக்குள் பாருங்கள் என்று வற்புறுத்தினார். 1932இல் ஏழாவது முறை நெஞ்சைத் திறந்தபோது கட்டி அங்கே இருந்தது. ஆனால் ஆறு வாரங்கள் கழித்து, சிறுநீரகத்திலிருந்து இறங்கிச் சிக்கிய ஒரு கல்லுக்குச் செய்த சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். நோயைக் கண்டுகொள்ளக் காலம் கடந்தால், குற்றவாளியைப் பிடித்த பின்னரும் அது செய்துவைத்த சேதம் ஆளைக் கொன்றுவிடும்.

மார்ட்டெல் காலத்தில் இது ஆயிரத்தில் ஒருவரைக்கூடப் பாதிக்காத அதிசய நோய் என்று நினைத்தார்கள். 1963இல் பேர்சன், யாலோ என்ற இருவர் பரா தைரொயிட் ஹோர்மோனை இரத்தத்தில் அளக்கும் முறையைக் கண்டார்கள். றோசலின் யாலோவுக்கு, ஹோர்மோன்களை அளக்கும் அந்த நுட்பத்துக்காக, 1977இல் நொபெல் பரிசு கிடைத்தது. 1970களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் ஒரு துளி இரத்தத்தைக் கொடுத்தால் பத்துப் பன்னிரண்டு பொருள்களை ஒரேயடியாக அளந்து சொல்லும் இயந்திரங்கள் வந்தன. எவரும் கேளாமலே கல்சியமும் அளக்கப்பட்டது. அபூர்வ நோய் திடீரென்று சாதாரண நோயாயிற்று. நீரிழிவுக்கும் தைரொயிட் நோய்களுக்கும் அடுத்தபடியாக அதிகம் காணப்படும் ஹோர்மோன் நோய் இன்று இதுவே. பெண்களிடையே, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களிடையே அதிகம். மேலைநாடுகளில் இப்போது பெரும்பாலான நோயாளிகள் எந்த வலியும் தெரியாமல், வேறு எதற்கோ இரத்தம் சோதிக்கப்போன இடத்தில் அகப்படுகிறவர்கள். இந்தியாவில் சண்டிகார், லக்னோ, டில்லி, வேலூர் முதலிய இடங்களின் பெரிய வைத்தியசாலைகள் எழுதியிருப்பவற்றைப் பார்த்தால் நிலைமை வேறு. வயது குறைந்தவர்கள், எலும்பு முறிந்த பின்னர், கல் நிறைந்த சிறுநீரகத்தோடு வந்து சேர்கிறார்கள். நோய் வேறு அல்ல. கண்டுபிடிக்கும் நேரந்தான் வேறு.

1990களின் வன்னியில் அந்த ஒரு துளி இரத்தத்துக்கு என்ன நடந்திருக்கும்? நாங்கள் செய்திகளில் எழுதியது அன்ரிபயோற்றிக், மயக்க மருந்து, சேலைன், மண்ணெண்ணெய். எங்கள் பட்டியல்களில் ஆய்வுகூடம் என்ற சொல் அரிதாகவே வந்தது. மின்சாரக் கம்பி இல்லாத நிலம். மலேரியாக் கிருமி தேட நுணுக்குக்காட்டி இருந்தது, அதில் பார்ப்பவர்களும் இரவு பகலாகப் பார்த்தார்கள். இரத்தக் கல்சியம் அளப்பதற்கு வவுனியாவுக்கோ அதற்கப்பாலோ போகவேண்டும். வவுனியாவுக்குப் போக அனுமதி, அங்கே தங்கப் பாஸ், கொழும்புக்குப் போக இன்னொரு பாஸ். உயிருக்குப் போராடும் நோயாளிகளைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவினர் எல்லை கடத்திக் கொண்டுபோவார்கள். களைப்பு, எலும்பு நோவு, அழுகை என்ற நோயோடு எவர் அந்த வரிசையில் நிற்க முடியும்? வன்னி வைத்தியர்களை நான் குறை சொல்லமாட்டேன். இடம்பெயர்ந்து போன கிளிநொச்சி வைத்தியசாலையை அக்கராயனில் ஓட்டிக்கொண்டு, ஒரு நாளில் அவர்கள் பார்த்த நோயாளரின் தொகையை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. அக்கா 2003இல் மூன்றாவது கல்லோடு பஸ் ஏறிக் கொழும்புக்கு என் வீட்டுக்கு வந்தார். ஓமந்தையில் இறங்கி ஏறி, வவுனியாவில் மாறி. வாசலில் நின்றவரை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. என் தோளுக்கு மேலே நின்ற அக்கா தோளுக்குக் கீழே போயிருந்தார்.

“என்னக்கா, இப்பிடிக் கூனிப் போனியள்?”

“வயசு போகுதெல்லோ தம்பி” என்றார். அவருக்கு அப்போது 51.

கல்லை எடுக்கப்போன வைத்தியசாலையில், இன்னமும் பயிற்சி முடியாத ஓர் இளம் பெண் வைத்தியர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “அம்மா, இது எத்தனையாவது கல்?” மூன்று என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எலும்பு முறிந்ததுண்டா, தாகம் உண்டா, வயிறு எப்படி, மறதி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே போனவர், இடையில் என்னைத் திரும்பிப் பார்த்து, “இந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார். பத்து ஆண்டுகளில் நான்கு முறைப்பாடுகளையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்ட முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

கல்சியம் லீற்றருக்கு 3.1 மில்லிமோல். 2.6க்கு மேல் போகக்கூடாது. ஒருமுறை கூடியிருந்தால் மட்டும் நம்பிவிடக்கூடாது என்று, கையை இறுக்கிக் கட்டாமல் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். நெடுநேரம் கட்டிவைத்தால் அளவு பொய்யாகக் கூடுமாம். அவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும் விசாரித்தார்கள். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளும், மனநோய்க்குக் கொடுக்கும் லிதியமும் கல்சியத்தைக் கூட்டக்கூடியவை. அப்போதுதான் என் இரண்டு போத்தல்களின் கதையும் வெளியே வந்தது. எவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. “நோயை நீங்கள் உண்டாக்கவில்லை” என்றார் அந்தப் பெண்.

அடுத்தது ஹோர்மோன் சோதனை. நோயைத் தீர்மானிப்பது ஒரு இலக்கம் அல்ல, இரண்டு இலக்கங்களின் பொருத்தம். புற்றுநோயாலும் சில வேளை காசநோயாலும்கூடக் கல்சியம் கூடும். ஆனால் அப்போது பரா தைரொயிட் தன் கடமையை அறிந்து ஹோர்மோனை நிறுத்திவிடும். வயல் நிரம்பியிருக்கிறது, துருசும் திறந்திருக்கிறது என்றால்தான் ஆளில் பிழை. ஹோர்மோன் உச்ச எல்லையைத் தாண்டியிருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கல்சியம் கூடியிருக்கும் ஒருவரிடம் அது ‘சாதாரண’ அளவில் இருந்தாலே சந்தேகிக்க வேண்டும். இந்த நுட்பம் தெரியாமல் சாதாரணம் என்று எழுதித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அக்காவின் அளவு அப்படிச் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை, பல மடங்கு கூடியிருந்தது. கை எக்ஸ்றேயில் விரல் எலும்புகளின் ஓரம் கறையான் அரித்ததுபோல் இருந்தது. மார்ட்டெலின் நாள்களில் இருந்தே தெரிந்த அடையாளம் அது.

சத்திரசிகிச்சையில் எடுத்த சுரப்பி புளியங்கொட்டை அளவு. அன்றிரவே அக்காவின் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பத்து ஆண்டுகள் பட்டினி கிடந்த எலும்புகள் இரத்தத்திலுள்ள கல்சியத்தை வாரி இழுத்துக்கொள்கின்றன என்றார்கள். இப்போது ஊசியாலும் வில்லையாலும் அதே கல்சியம் கொடுக்கப்பட்டது, இம்முறை மருந்தாக. மூன்று வாரத்தில் இரவில் எழும்புவது நின்றது. ஒரு மாதத்தில், என் மனைவி சமையலறையில் தேடிக்கொண்டிருந்த சாவி எங்கே இருக்கிறது என்று அக்கா இருந்த இடத்திலிருந்து சொன்னார். அழுகை நின்றது. இடம்பெயர்ந்த கவலை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கிளிநொச்சியில் அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. குறைந்த உயரமும் சிறுநீரகத்தில் விழுந்த தழும்பும் திரும்பி வரவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் வவுனியா. 1990களில் வடமத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட, காரணம் இன்னதென்று உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. நீரிழிவும் இல்லாமல், பிரஷரும் இல்லாமல் சிறுநீரகம் மெல்ல மெல்ல அவிந்துபோகும் நோய். உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. கட்மியம், ஃபுளோறைட், தண்ணீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனம், வெயிலில் உடல் வற்றுவது என்று பல காரணங்கள் விவாதிக்கப்படுகின்றன. இந்த நோயாளிகளின் பரா தைரொயிட்டும் மிகையாக இயங்கும், ஆனால் எதிர்த்திசையில். கெட்டுப்போன சிறுநீரகம் விற்றமின் டியை உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றாது, பொஸ்பேற்றை வெளியேற்றாது. இரத்தத்தில் கல்சியம் குறையும். வயல் காய்வதைப் பார்த்த துருசுக்காரர் திறந்துகொண்டே போவார். இங்கே அவரில் பிழை இல்லை. கத்தி தேவையில்லை, பொஸ்பேற்றைக் கட்டுப்படுத்தும் மருந்தும் விற்றமின் டியும் பெரும்பாலும் போதும். நெடுங்காலம் கவனியாமல் விட்டால்தான் சுரப்பி கட்டுமீறிப் போகும்.

ஆகவே வவுனியாவில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது, ஹோர்மோனும் கூடுதல் என்றால், எது முந்தியது என்ற ஏர்ட்ஹைமின் பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது. கல்சியம் குறைந்தோ சாதாரணமாகவோ இருந்தால் சிறுநீரகம் முந்தியது. கூடியிருந்தால், கழுத்தில் இருக்கும் ஒரு கட்டி சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கக்கூடும். அதை எடுத்தால் எஞ்சிய சிறுநீரகமாவது மிஞ்சும். ‘இந்த ஊரில் எல்லாருக்கும் கிட்னி வருத்தம்’ என்ற வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் ‘இந்த ஊரில் எல்லாருக்கும் கல்’ என்ற பழைய வாசகம் எனக்கு நினைவு வருகிறது.

அக்கா 2004இல் கிளிநொச்சிக்குத் திரும்பினார். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் மூன்று ஆண்டுகள் எனக்கு அவரைப் பார்க்கக் கிடைக்கவில்லை. தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன் என்று வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்து ஓடிய அந்த மாதங்களில் அவரும் ஓடினார். உடுத்த சேலையோடு, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பொருளை இடுப்பில் செருகியபடி. காணி உறுதி என்று கூட வந்தவர்கள் நினைத்தார்களாம். அது கிளினிக் கொப்பி.

2009 ஜூனில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், ஒரு கூடாரத்து மருத்துவ நிலையத்தில் அவருடைய கழுத்துத் தழும்பைக் கண்ட வைத்தியர் ஒருவர், தைரொயிட் எடுத்தவர் என்று முடிவுசெய்து தைரொக்சின் எழுதத் தொடங்கியிருக்கிறார். அக்கா பையை அவிழ்த்துக் கொப்பியை நீட்டினார். பக்கங்கள் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. ஆனால் 2003ஆம் ஆண்டின் பக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. வைத்தியர் எழுதியதை வெட்டிவிட்டுக் கல்சியம் சோதனைக்கு எழுதினார்.

பின்னர் ஒவ்வொரு தடவையும் நான் கிளிநொச்சிக்குப் போகும்போது, தேநீர் குடித்து முடிந்ததும் அந்தக் கொப்பியை எடுத்து வருவார். இது நான்காவது கொப்பி. பழைய மூன்றும் நூலால் கட்டி அதனோடு இருக்கும். கண்ணாடியைத் தேடாமல் என்னிடம் நீட்டுவார், கடைசி இலக்கத்தை வாசிக்கும்படி.

“2.34 அக்கா.”

“போனமுறை?”

“2.36.”

“அப்ப ஆள் சும்மா இருக்கிறார்” என்று சொல்லிக் கொப்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்.